நோயறி ஆய்வு: அரசு நிர்வாகத்தில் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

அரசு நிர்வாகத்தைப் பற்றி ஏதாவது ஆய்வு வெளியானால், செய்தியில் முதலில் வருவது ஒரு தரவரிசை. இத்தனை நாடுகளில் இத்தனையாவது இடம், போன ஆண்டைவிட இரண்டு இடம் கீழே. இரண்டு நாள் வாதம் நடக்கும். ஒரு தரப்பு “அப்பவே சொன்னோமே” என்னும், இன்னொரு தரப்பு “இதெல்லாம் நம்பத் தகுந்ததா” என்னும். அப்புறம் எல்லோரும் மறந்துவிடுவார்கள். எந்த அலுவலகத்தில் எந்த வேலை ஏன் நடக்கவில்லை என்ற கேள்வி எழாமலே போய்விடும்.

அந்தக் கேள்விக்கு விடை தேடும் ஆய்வு ஒன்று இருக்கிறது. அதை டயக்னாஸ்டிக் சர்வே என்பார்கள். தமிழில் நோயறி ஆய்வு எனலாம். தரவரிசை, தேர்தல் கருத்துக்கணிப்பு, தணிக்கை எல்லாவற்றோடும் இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அந்தக் குழப்பத்தால் நல்ல ஆய்வுகள்கூடப் பயனில்லாமல் போகின்றன. அதனால்தான் இதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

காய்ச்சல் எவ்வளவு, காய்ச்சல் ஏன்

உடம்பு சுட்டால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறோம். 102 என்று காட்டுகிறது. உடம்பு சரியில்லை என்பது உறுதி. ஆனால் அது சளியா, டைபாய்டா, மலேரியாவா என்று தெர்மாமீட்டருக்குத் தெரியாது. அதை மட்டும் வைத்து மருந்து எழுதும் மருத்துவரிடம் யாரும் போகமாட்டோம். எப்போது ஆரம்பித்தது, குளிர் வருகிறதா, எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்க வேண்டும். தேவையென்றால் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நாடுகளின் தரவரிசை அந்தத் தெர்மாமீட்டர் மாதிரி. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பு 1995 முதல் வெளியிட்டு வரும் ஊழல் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டின் பொதுத்துறையில் ஊழல் எவ்வளவு இருப்பதாக வல்லுநர்களும் தொழில்துறையினரும் கருதுகிறார்கள் என்பதைத் திரட்டி, நாட்டுக்கு ஒரு மதிப்பெண் தருகிறது. இப்போது அது 0 முதல் 100 வரை போகிறது. சாதாரணக் குடிமக்களை நேரடியாகக் கேட்டு எடுக்கும் கணக்கு அல்ல அது. கவனத்தை ஈர்க்கும் வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் 38 மதிப்பெண் வாங்கிய நாட்டின் நிதி அமைச்சர் நாளைக் காலை எந்தத் துறையில் எதை மாற்ற வேண்டும் என்று அந்த எண் சொல்லாது.

நோயறி ஆய்வு ரத்தப் பரிசோதனை மாதிரி. கோளாறு எந்த உறுப்பில், எதனால், எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது அதன் வேலை. மதிப்பெண் போடுவது அதன் நோக்கமே இல்லை.

மூன்று பக்கமும் கேட்பது

இந்த வகை ஆய்வு பெரிய அளவில் வடிவம் பெற்றது 1990களின் பிற்பகுதியில். உலக வங்கியின் துணையோடு 1998 வாக்கில் அல்பேனியா, ஜார்ஜியா, லாட்வியா ஆகிய நாடுகளில் நடந்தவை முன்னோடிகள். அவற்றில் மூன்று தரப்பையும் கேட்டார்கள். சேவையைப் பெறும் குடும்பங்கள், உரிமமும் வரியுமாக அரசோடு தினம் மோதும் தொழில் நிறுவனங்கள், உள்ளே உட்கார்ந்து வேலை செய்யும் அரசு ஊழியர்கள்.

ஏன் மூன்று? ஒரே விஷயம் மூன்று இடத்திலிருந்து பார்த்தால் மூன்று விதமாகத் தெரியும். “பத்துத் தடவை அலைந்தேன்” என்கிறார் மனு போட்டவர். “யாரிடம் போனால் நடக்கும் என்று தெரிந்துகொள்ளவே தனியாக ஓர் ஆள் வைத்திருக்கிறேன்” என்கிறார் தொழில் நடத்துபவர். “விதி மூன்று தடவை மாறிவிட்டது, எது நடப்பில் இருக்கிறது என்று எங்களுக்கே தெளிவில்லை” என்கிறார் ஊழியர். மூன்றும் உண்மை. மூன்றையும் அடுக்கி வைத்தால்தான் அலைச்சலுக்குக் காரணம் சோம்பலா, பேராசையா, குழப்பமான விதியா என்று பிரித்துப் பார்க்க முடியும். காரணத்துக்குத் தகுந்தபடி மருந்தும் மாறும். விதி குழப்பமாக இருக்கும் இடத்தில் ஊழியரைத் தண்டித்தால், அடுத்து வருபவர் பயத்தில் எந்தக் கோப்பிலும் கையெழுத்தே போடமாட்டார்.

இதுவரை சொன்னதைத் திரட்டினால்: தரவரிசை நோய் இருக்கிறது என்கிறது. நோயறி ஆய்வு அது எங்கே, எதனால் என்று தேடுகிறது. அதற்காக வெளியே நிற்பவரையும் உள்ளே இருப்பவரையும் கேட்கிறது.

கோப்பின் பின்னால் நடந்து பார்ப்போம்

உண்மையில் இது எப்படி வேலை செய்கிறது? ஒரு கற்பனை அலுவலகத்தை வைத்துச் சொல்கிறேன், எண்களும் கற்பனைதான். ஒரு சான்றிதழ் கிடைக்கச் சராசரியாக 34 நாள் ஆகிறது. மக்களிடம் கேட்டால் கவுன்ட்டரில் இருப்பவர்தான் காரணம் என்பார்கள். அவர்களுக்குக் கண்ணில் படுவது அவர் ஒருவர்தானே.

ஆய்வுக் குழு 200 கோப்புகளை எடுக்கிறது. ஒவ்வொன்றிலும் எந்த மேசைக்கு எந்தத் தேதியில் வந்தது, எப்போது கிளம்பியது என்று குறிக்கிறது. கவுன்ட்டரில் பதிவுக்கு 1 நாள். நேரில் போய் விசாரிக்க 4 நாள். அறிக்கை எழுத 3 நாள். கையெழுத்துக்குக் காத்திருப்பது 21 நாள். அனுப்பி வைக்க 5 நாள்.

கவுன்ட்டரில் நின்றவர் மேல் இருந்த கோபம் முழுதும் தப்பான ஆள் மேல் இருந்திருக்கிறது. சரி, கையெழுத்துப் போடுபவர்தான் குற்றவாளியா? அவரிடமும் போய்க் கேட்கிறார்கள். மூன்று அலுவலகங்களுக்கு அவர் ஒருவருக்குத்தான் கையெழுத்து அதிகாரம். வாரத்தில் ஒன்றரை நாள்தான் இங்கே வருகிறார். இப்போது மருந்து என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எளிய மனுக்களுக்கு அடுத்த நிலை அதிகாரியே கையெழுத்திடலாம் என்று ஓர் ஆணை போட்டால் 21 நாளில் பெரும்பகுதி குறைந்துவிடும். புதுக் கட்டடமோ செயலியோ பயிற்சி முகாமோ வேண்டாம்.

நோயறி ஆய்வின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. “அலுவலகம் எப்படி?” என்ற ஒரு பெரிய கேள்வியை, “எந்தப் படியில் எவ்வளவு?” என்ற பல சின்னக் கேள்விகளாக உடைப்பது.

பணத்தின் பின்னால் நடந்தவர்கள்

இதே வழியில் கோப்புக்குப் பதில் பணத்தைப் பின்தொடர்ந்தது உகாண்டா. பொதுச் செலவுத் தடமறிதல் ஆய்வு என்று அதற்குப் பெயர். கருவூலத்தில் கிளம்பும் பணம் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு எவ்வளவு வந்தது என்று இரு முனைக் கணக்கையும் ஒப்பிடுவது.

தொடக்கக் கல்விக்கு ஒதுக்கீடு கூடிக்கொண்டே போனது. ஆனால் அரசின் புள்ளிவிவரப்படி மாணவர் சேர்க்கை கூடவில்லை. ஏன் என்று பார்க்க 1996இல் 250 தொடக்கப் பள்ளிகளுக்குப் போனார்கள். மாணவர் தலைக்கு இவ்வளவு என்று பள்ளிகளுக்கு ஒரு மானியம் உண்டு. சம்பளத்துக்கு அல்ல, புத்தகம் போன்ற மற்றச் செலவுகளுக்கு. 1991 முதல் 1995 வரையான கணக்கைப் பார்த்தபோது, அந்த மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளுக்கு வந்திருந்தது. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒன்றுமே வரவில்லை. நடுவில் மாவட்ட மட்டத்திலேயே நின்றுவிட்டது.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படும் விவரம் வேறு. ஆசிரியர்களின் சம்பளம் அந்த அளவுக்கு வழியில் கரையவில்லை. தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரியும், வராவிட்டால் கேட்பார். மானியம் எவ்வளவு வர வேண்டும் என்று பெற்றோருக்கும் தெரியாது, பல தலைமை ஆசிரியர்களுக்கும் தெரியாது. தெரியாத பணத்தை யார் கேட்பார்கள்?

காரணம் இப்படித் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. மாவட்டங்களுக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசு செய்தித்தாளிலும் வானொலியிலும் வெளியிட்டது. பள்ளிகள் தங்களுக்கு வந்த தொகையைச் சுவரில் ஒட்டும்படி ஆயிற்று. சில ஆண்டுகளில் பள்ளிகளுக்கு வந்து சேரும் பங்கு 80 சதவீதத்துக்கு மேல் போனது. செய்தித்தாள் ஒன்றே இதைச் சாதித்தது என்று சொல்வது மிகை. அதே காலத்தில் வேறு நிர்வாக மாற்றங்களும் நடந்தன. ஆனால் 13 என்ற எண் கையில் இல்லாமல் போயிருந்தால், ஒதுக்கீட்டை இன்னும் கூட்டுவதுதான் தீர்வு என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

கேள்வியை எப்படிக் கேட்பது

ஆய்வு பாழாவது பெரும்பாலும் வினாப்பட்டியலில்தான். அதில் பிழை இருந்தால் பிறகு எவ்வளவு கணக்குப் போட்டும் மீட்க முடியாது. ஒரு கேள்வியைப் பாருங்கள்:

“அரசு மருத்துவமனைகளில் ஊழல் இருப்பதாக நினைக்கிறீர்களா?”

மருத்துவமனைப் பக்கமே போகாதவரும் இதற்குப் பதில் சொல்வார். நேற்று தொலைக்காட்சியில் பார்த்த செய்தியின் கோபம் அதில் கலந்திருக்கும். “ஊழல்” என்ற சொல் ஒருவருக்கு லஞ்சம், இன்னொருவருக்கு மருந்து திருட்டு, வேறொருவருக்குச் சிபாரிசு. இப்போது இதையே மாற்றிக் கேட்போம்:

“கடந்த 6 மாதத்தில் நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ அரசு மருத்துவமனைக்குப் போனதுண்டா? கடைசியாகப் போனபோது, ரசீது இல்லாமல் யாருக்காவது பணம் கொடுக்க வேண்டியிருந்ததா? அது எந்த இடத்தில்: சீட்டு வாங்கும் இடத்திலா, பரிசோதனைக் கூடத்திலா, வார்டிலா?”

முதல் கேள்வி எண்ணத்தைக் கேட்கிறது, இரண்டாவது அனுபவத்தை. காலவரம்பு இருக்கிறது, கடைசி நிகழ்வு ஒன்றைக் குறிப்பாகச் சொல்கிறது, இடத்தைப் பிரிக்கிறது. பதில் வந்தால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியும்.

எண்ணம் பயனற்றது என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு எல்லை உண்டு. இந்தோனேசியாவில் பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளியலாளர் 600க்கு மேற்பட்ட கிராமங்களின் சாலைப் பணிகளை ஆராய்ந்தார். பொறியாளர்களைக் கொண்டு போட்ட சாலையைத் தோண்டி, எவ்வளவு கல்லும் மணலும் உண்மையில் இருக்கிறது என்று அளந்தார். அதைக் கணக்கில் காட்டிய செலவோடு ஒப்பிட்டு, கிராம மக்கள் ஊழல் என்று நினைத்த அளவோடும் பொருத்திப் பார்த்தார். மக்களின் எண்ணத்தில் உண்மை கொஞ்சம் இருந்தது, ஆனால் மெலிதாக. விலையைக் கூட்டி எழுதியிருந்தால் மக்கள் ஓரளவு கண்டுபிடித்தார்கள், சந்தை விலை அவர்களுக்குத் தெரியும். அளவைக் கூட்டி எழுதியிருந்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. சாலைக்கு அடியில் எத்தனை கன மீட்டர் கல் போயிருக்கிறது என்று நடந்து போகிறவருக்கு எப்படித் தெரியும்? திருட்டும் பெரும்பாலும் அந்த அளவுக் கணக்கில்தான் ஒளிந்திருந்தது.

ஆகவே நல்ல ஆய்வு கேள்வியோடு நிற்பதில்லை, நேரிலும் போய்ப் பார்க்கிறது. வங்கதேசம், ஈக்வடார், இந்தியா, இந்தோனேசியா, பெரு, உகாண்டா ஆகிய 6 நாடுகளில் முன்னறிவிப்பு இல்லாமல் பள்ளிகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் போய்ப் பார்த்த ஆய்வு 2006இல் வெளியானது. சராசரியாக ஆசிரியர்களில் 19 சதவீதம் பேரும் சுகாதாரப் பணியாளர்களில் 35 சதவீதம் பேரும் அந்த நேரத்தில் பணியிடத்தில் இல்லை. வருகைப் பதிவேட்டை மட்டும் நம்பி எடுத்த கணக்கு இப்படி வராது.

சுருக்கம்: எண்ணத்தைவிட அனுபவத்தைக் கேட்க வேண்டும். அனுபவத்தில் தெரிய வராததை அளந்து பார்க்க வேண்டும்.

பயம் இருக்கும் இடத்தில் உண்மை எப்படி வரும்

அரசு ஊழியரிடம் போய் “நீங்கள் லஞ்சம் வாங்கியிருக்கிறீர்களா?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? மேலதிகாரி அறை வாசலில் நின்றுகொண்டு கேட்டால் “உங்கள் துறை நன்றாக நடக்கிறதா?” என்பதற்குக்கூட உண்மையான பதில் வராது. இந்தச் சிக்கலுக்கு 1965இல் ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலாளர் ஓர் அழகான வழி சொன்னார். பதிலில் தற்செயலைக் கலந்துவிடும் முறை. அதன் எளிய வடிவம் ஒன்றைச் சொல்கிறேன்.

ஊழியர் கையில் ஒரு நாணயம். யாருக்கும் காட்டாமல் சுண்ட வேண்டும். தலை விழுந்தால், கேள்வி என்னவாக இருந்தாலும் “ஆம்” என்று சொல்லிவிட வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒருவர் “ஆம்” என்றால் அது நாணயம் சொன்னதா, அவர் மனம் சொன்னதா என்று கேட்பவருக்குத் தெரியாது. அவர் பத்திரமாக இருக்கிறார்.

மொத்தமாகப் பார்த்தால் கணக்கு கிடைத்துவிடும். 1000 பேரைக் கேட்டு 620 பேர் “ஆம்” என்றார்கள் என்று வைப்போம். 1000 பேரில் ஏறக்குறைய 500 பேருக்குத் தலை விழுந்திருக்கும். அந்த 500 “ஆம்” நாணயத்தினுடையது. மீதி 120 “ஆம்” உண்மை சொன்ன 500 பேரிடமிருந்து வந்தது. 500இல் 120 என்றால் 24 சதவீதம். எவர் ஒருவரையும் காட்டிக்கொடுக்காமல் துறையின் நிலை தெரிந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெயர் எழுதாவிட்டால் ரகசியம் காப்பாற்றப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 12 பேர் உள்ள பிரிவில் “50 வயதுக்கு மேற்பட்ட பெண் ஊழியர்” என்று ஒரு வரி அறிக்கையில் வந்தால் அது யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நம்பிப் பேசிய ஒருவரை இப்படி அம்பலப்படுத்தினால் அடுத்த ஆய்வுக்கு அந்த அலுவலகத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

எத்தனை பேரைக் கேட்டால் போதும்

எல்லோரையும் கேட்க முடியாது. ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுத்துக் கேட்பதற்கு மாதிரி என்று பெயர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதேதான். ஆனால் பானையை நன்றாகக் கிளறியிருந்தால்தான் அந்தப் பழமொழி செல்லும். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒரு பத்திரிகை 20 லட்சத்துக்கு மேற்பட்ட பதில்களைத் திரட்டியும், தோற்கப் போகிறவரை வெல்வார் என்று கணித்தது. வசதியானவர்களின் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலும் பெயர் எடுத்ததும், பதில் அனுப்ப ஆர்வம் காட்டியவர்கள் மட்டும் அனுப்பியதும் காரணங்கள். எண்ணிக்கையைவிட எல்லோருக்கும் சம வாய்ப்பு தருவது பெரிது.

நிர்வாக ஆய்வில் இதற்கு ஒரு தனி ஆபத்து உண்டு. அலுவலக வாசலில் நின்று வெளியே வருபவர்களை மட்டும் கேட்டால், அலைந்து வெறுத்து வருவதையே விட்டுவிட்டவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். மிக மோசமாக நடத்தப்பட்டவர்கள் அவர்கள்தான். அதனால்தான் வீடு வீடாகப் போகிறார்கள்.

எண்ணிக்கையும் ஓர் இடத்தில் முக்கியமாகிறது. 1000 பேரைச் சரியாகத் தேர்ந்து கேட்டால் முடிவு சுமார் 3 சதவீதப் புள்ளிகள் முன்பின்னாக இருக்கும். அந்த 1000 பேரை 20 துறைகளாகப் பிரித்தால் துறைக்கு 50 பேர். இப்போது முன்பின் சுமார் 14 புள்ளிகள். ஒரு துறை 60, இன்னொன்று 52 என்று வந்தால் எது மேல் என்று சொல்லவே முடியாது. ஆனால் அறிக்கைகள் பல சமயம் துறைகளை வரிசைப்படுத்தி அட்டவணை போட்டுவிடுகின்றன. கடைசியில் நிற்கும் துறைத் தலைவர் காரணமில்லாமல் திட்டு வாங்குகிறார்.

உள்ளே இருப்பவர் சொல்வதும் மருந்துதான்

சீர்திருத்தம் என்றாலே ஊழியர்களை இறுக்கிப் பிடிப்பது என்று ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. நைஜீரியாவில் இம்ரான் ரசூல், டேனியல் ராஜர் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதை யோசிக்க வைக்கிறது. ஏறக்குறைய 4,700 பொதுப் பணித் திட்டங்களை எடுத்து, அவற்றை நடத்திய அமைப்புகளில் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று ஊழியர்களிடம் கேட்டார்கள். 38 சதவீதத் திட்டங்கள் தொடங்கப்படவே இல்லை. தங்கள் பொறுப்பில் முடிவெடுக்க ஊழியர்களுக்கு அதிக இடம் தந்த அமைப்புகளில் வேலை அதிகம் முடிந்திருந்தது. கண்காணிப்பும் ஊக்கத்தொகையும் அதிகம் இருந்த அமைப்புகளில் குறைவாக முடிந்திருந்தது.

இதை எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தோனேசியச் சாலைகளில் நேர்மாறாக நடந்தது. தணிக்கை நடக்கும் வாய்ப்பை 4 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக்கியபோது, காணாமல் போகும் செலவு சுமார் 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. ஓரிடத்தில் கண்காணிப்பு மருந்தாகிறது, ஓரிடத்தில் அதுவே தடையாக நிற்கிறது. எந்த இடம் எது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் நோயறி ஆய்வு.

அறிக்கை வந்த பிறகு

அறிக்கை வந்ததும் நோய் குணமாகிவிடாது. ரத்தப் பரிசோதனைத் தாளை மடித்து அலமாரியில் வைத்தால் காய்ச்சல் இறங்குமா? முடிவுகளைத் துறைகளின் முன்னாலும் மக்கள் முன்னாலும் வைத்து, இந்தப் படியில் இந்த மாற்றம், பொறுப்பு இவருக்கு, கெடு இந்தத் தேதி என்று எழுத வேண்டும். அப்புறம் மறுபடியும் அளக்க வேண்டும்.

மறுபடி அளப்பதில் பொறுமை எவ்வளவு தேவை என்பதற்குப் பெங்களூரு நல்ல எடுத்துக்காட்டு. சாமுவேல் பால் என்பவர் முன்னின்று, குடிநீர், மின்சாரம், தொலைபேசி போன்ற சேவைகளைப் பற்றி மக்களிடம் கேட்டு 1994இல் ஒரு மதிப்பீட்டு அட்டை வெளியிட்டார். நகர அமைப்புகளின் மேல் இருந்த அதிருப்தி அதில் வெளிப்படையாகத் தெரிந்தது. 1999இல் மறுபடியும் கேட்டார்கள், முன்னேற்றம் கொஞ்சம்தான். ஆனாலும் விடவில்லை. 2003இல் மூன்றாம் முறை கேட்டபோது மக்களின் திருப்தி நன்றாகவே கூடியிருந்தது. இடையில் அரசும் குடிமக்கள் அமைப்புகளும் சேர்ந்து செய்த பல வேலைகளுக்கு அதில் பங்கு உண்டு.

இரண்டாம் முறை கேட்கும்போது எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். போன தடவை இந்தக் கேள்வி சரியில்லை, இன்னும் அழகாக மாற்றிவிடலாமே என்று. அந்த ஆசையை அடக்க வேண்டும். “கடந்த 6 மாதத்தில்” என்று இருந்ததை “கடந்த ஓராண்டில்” என்று மாற்றினாலே “ஆம்” சொல்பவர்கள் கூடிவிடுவார்கள், அலுவலகத்தில் எதுவும் கெட்டுப்போகாமலே. புதுக் கேள்விகளைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய கேள்விகள் அதே சொற்களில், அதே வரிசையில், ஆண்டின் அதே மாதத்தில் போக வேண்டும். 34 நாள் 15 நாளாகக் குறைந்ததா என்று அப்போதுதான் நம்பிச் சொல்ல முடியும்.